காவிரிப் படுகையில் கடவுளை நம்பி வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெள்ளிக்கிழமைதோறும் தேவாரம் படிக்கும் சிறு குழு எங்களுடையது. பாட்டு முடிந்து சுண்டல் கைக்கு வந்த பிறகுதான் கேள்விகள் கிளம்பும். தத்துவக் கேள்விகள் குறைவு. நெல், கடன், ஆஸ்பத்திரி, மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, இவைதான் அதிகம். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஓதுவாரும் இல்லை, சோதிடரும் இல்லை. விவசாயக் குடும்பத்துக்காரன், பதில்களிலும் அந்த மண் ஒட்டியிருக்கும்.

கடவுளை நம்பினால் கஷ்டம் வராதா?

வரும். அப்பரைவிட நம்பியவர் யார்? அவருக்கு முதலில் வந்தது தாங்க முடியாத சூலை நோய். பிறகு ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள். கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். அவர் பிழைத்ததைத்தான் நாம் பெரிதாகச் சொல்கிறோம். அடைத்ததையும் போட்டதையும் கடவுள் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "நீ நம்பியிருந்தால் உனக்கு இது வந்திருக்காது" என்று துன்பத்தில் இருப்பவரிடம் யாராவது சொன்னால், அவர் பெரியபுராணத்தைத் திறந்து பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் சாமியைத் தொந்தரவு செய்யலாமா? ஆள் கிடைக்கவில்லை, டிராக்டர் வரவில்லை என்றெல்லாம் வேண்டுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்படாதீர்கள். இந்தக் கேள்விக்கு நம் மாவட்டங்களே பதில் வைத்திருக்கின்றன.

திருவாரூரில் சுந்தரரின் மனைவி பரவையார் வீட்டு அடுப்புக்குக் குண்டையூர் கிழார் என்ற வேளாளர் நெல் அனுப்பிக்கொண்டிருந்தார். ஓர் ஆண்டு மழை பொய்த்தது. அனுப்ப நெல் இல்லை. அவர் பட்டினியாகப் படுத்து வருந்த, குண்டையூரில் நெல் மலையாகக் குவிந்தது என்கிறது புராணம். இப்போது வேறு சிக்கல். அவ்வளவு நெல்லை யார் தூக்குவது? சுந்தரர் பக்கத்திலிருக்கும் திருக்கோளிலிக்குப் போகிறார், இன்று நாம் திருக்குவளை என்று சொல்லும் ஊர். அங்கே அவர் வைத்த விண்ணப்பத்தில் முத்தியும் இல்லை, ஞானமும் இல்லை. நெல் கிடைத்துவிட்டது, ஆள் இல்லை, கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான் பாட்டு. "ஆளிலை எம்பெருமான்" என்றே பாடியிருக்கிறார். நடவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் டெல்டாவில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் புலம்பல் அல்லவா அது! அன்று இரவே பூதகணங்கள் நெல்லைத் திருவாரூருக்குச் சுமந்துவந்து தெருவெல்லாம் நிரப்பிவிட்டன. விடிந்ததும் பரவையார், அவரவர் வாசலில் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று பறையறைவித்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். கேட்டு வாங்கிய நெல் ஊருக்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று திருவீழிமிழலை. பஞ்ச காலத்தில் அடியார்களுக்குச் சோறு போட, சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாளுக்கு ஒரு பொற்காசு கோயில் படியில் கிடைத்துவந்தது. அப்பர் மடத்தில் நேரத்துக்கு இலை போடுகிறார்கள். சம்பந்தர் மடத்தில் மட்டும் தாமதம். விசாரித்தால், அவருக்குக் கிடைக்கும் காசைக் கடைத்தெருவில் வாசி, அதாவது மதிப்பில் ஒரு பிடித்தம், கழித்துக்கொண்டு மாற்றுகிறார்கள். அப்பர் காசுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. உடனே சம்பந்தர் குறை இல்லாத காசாகக் கொடுங்கள் என்று கேட்டுப் பாடினார். அடுத்த நாள் முதல் நல்ல காசு வந்தது. நாணய மாற்றுப் பிடித்தத்தைக் கடவுளிடம் கொண்டுபோனவரை நாயன்மார் வரிசையில் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம். நீங்கள் டிராக்டர் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கோபம் வருகிறது. சாமியைத் திட்டிவிட்டேன். பாவமா?

சுந்தரர் கண் இழந்து, காஞ்சியில் ஒரு கண் பெற்று, மற்றக் கண்ணுக்காகத் திருவாரூர் வந்து நின்ற கதையைப் படியுங்கள். தவறு அவருடையது, திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியேன் என்று கொடுத்த வாக்கை மீறினார். அப்படியிருந்தும் தியாகராசர் சன்னிதியில் அவர் அடங்கிப் பேசவில்லை. மீளாத அடிமையாக உமக்கே ஆளானவர்கள் இப்படி வாடினால், "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார். நீராவது நன்றாக இருந்துகொள்ளும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பேச்சு அது. அந்தப் பதிகத்தில்தான் இரண்டாவது கண்ணும் வந்தது. இன்றும் அது கோயில்களில் பாடப்படுகிறது. யாரும் அதை நிந்தனைப் பாட்டு என்று ஒதுக்கவில்லை.

நம்மவர் அல்லாதவரிடம் நாம் கோபித்துக்கொள்வதில்லை. திட்டிவிட்டுப் பேச்சை முறித்துக்கொண்டால்தான் எனக்குக் கவலை.

கட்டம் சரியில்லை என்கிறார்கள். ஒன்பது கிரகக் கோயில்களுக்கும் கார் வைத்துப் போய்ப் பரிகாரம் செய்தால்தான் விடிவு என்கிறார்கள். கையில் பணம் இல்லை.

சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநாகேசுவரம், கீழப்பெரும்பள்ளம், காரைக்காலில் திருநள்ளாறு. ஒன்பதும் நம் படுகையிலேயே இருக்கின்றன. போக வசதி இருந்தால் போய் வாருங்கள், அருமையான கோயில்கள். வட்டிக்கு வாங்கிப் போகாதீர்கள்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கோள்களுக்குப் பயப்பட வேண்டாம் என்ற கோளறு பதிகம் பிறந்த ஊரும் இதே படுகையின் தென்கோடியில்தான் இருக்கிறது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார் அழைப்புக்கு இணங்கிச் சம்பந்தர் மதுரை புறப்படுகிறார். மறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில், அப்பர் தடுக்கிறார்: நாளும் கோளும் சரியில்லை, பிள்ளாய் போக வேண்டாம். சூலையையும் காளவாயையும் கடலையும் பார்த்துவிட்டு வந்த அப்பரே குழந்தைக்காகப் பயந்தார் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அன்பு வைத்தவர்களுக்காகப் பயப்படுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. சம்பந்தர் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தொடங்கிப் பாம்பு இரண்டு வரைக்கும் வரிசையாகச் சொல்லி, எல்லாம் அடியவர்க்கு நல்லவையே என்று பாடிவிட்டுக் கிளம்பினார். பரிகாரமும் செய்யவில்லை, பயணத்தை ஒத்திப்போடவும் இல்லை.

பதிகம் மொத்தம் பதினொரு பாட்டு. வீட்டு விளக்கின் முன் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும். செலவு எண்ணெய் மட்டும்தான்.

அறுத்த நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது, வானம் கறுக்கிறது. அந்த நேரத்தில் நம்பிக்கை என்றால் என்ன செய்வது?

முதலில் தார்ப்பாய் போடுவது.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாயில் போய் நிற்கிறது. சம்பாவுக்கு அந்த ஆபத்து இல்லை என்று நினைத்தால், 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழை கதிர் முற்றிய வயல்களைச் சாய்த்துவிட்டது. ஈரப்பத வரம்பைச் சில ஆண்டுகளில் அரசு தளர்த்தியிருக்கிறது. ஆனால் தளர்த்தும் உத்தரவு வரும்வரை குவியலை யார் காப்பது?

அந்த இரவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குவியலைச் சுற்றி நீர் தேங்காமல் மண்வெட்டியால் சிறு வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். தார்ப்பாயின் நான்கு ஓரத்திலும் செங்கல்லோ, நெல் நிரப்பிய சாக்கோ வைத்திருப்பார்கள். பாயை விரித்து அதன் மேலேயே ஒருவர் படுத்திருப்பார். காலையில் வெயில் வந்ததும் பிரித்து, காலால் கோடு கோடாக உழுதுவிட்டுக் காயவைப்பார்கள். ஈரப்பதம் பார்க்கும் கருவியில் ஒரு பிடி நெல்லைப் போட்டு எண் வருவதற்குள், சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பாருங்கள். கர்ப்பக்கிரகத்தில் திரை விலகும் நேரத்தில்கூட அவ்வளவு மௌனம் இருக்காது. 16.8 என்று வந்தால் "அப்பனே தியாகராசா" என்று ஒரு குரல் எழும். 19 வந்தாலும் அதே பெயர்தான் வாயில் வரும், வேறு தொனியில். அந்த இரண்டு தொனியும் வேண்டுதல்தான்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லியாக வேண்டும். பயிர்க் காப்பீடு செய்வது கடவுளைச் சந்தேகிப்பது ஆகாது. "சாமி பார்த்துக்கொள்ளும், காப்பீடு எதற்கு" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் அவர் வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடாமல் வெளியே போனதில்லை. சம்பா நெல்லுக்குப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு கூட்டுறவு சங்கத்திலோ பொது சேவை மையத்திலோ முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். கடைசி நாளில் கூட்டம் தாங்காது. பதிந்த ரசீதைப் பூசை அலமாரியில் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆற்றில் தண்ணீரே வராத வருடத்தில் ஆடிப்பெருக்கு கும்பிடுவது வெறும் சடங்குதானே?

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதுதான் வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒருமுறைகூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2017-இல் பாசனத்துக்குத் திறந்தது அக்டோபர் 2-இல். வறண்ட ஆடிப்பெருக்கில் பெண்கள் என்ன செய்தார்கள்? அடிபம்பு அடியிலும் போர்செட்டுத் தொட்டியிலும் காதோலை கருகமணி வைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, சித்திரான்னம் பகிர்ந்துகொண்டார்கள். வெறும் சடங்கு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். வந்த தண்ணீருக்கு நன்றி சொல்வது யாருக்கும் வரும். வராத காவிரியையும் கோபித்துக்கொள்ளாமல் அம்மா என்று கூப்பிடுவதற்குக் கொஞ்சம் மனசு வேண்டும்.

கஜா புயலில் முப்பது வருடத் தென்னந்தோப்பு போயிற்று. கடவுள் எங்கே இருந்தார்?

2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு. தென்னை அப்படி இல்லை. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், நன்றாகக் காய்க்க அதற்கும் மேல். அந்தக் கன்றின் காயைத் தான் பறிப்போமா என்று தெரியாத வயதில் பலர் குழி வெட்டினார்கள்.

வெளி மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீரும் பாயும் மெழுகுவத்தியும் வந்தன, மின்வாரியத் தொழிலாளர்கள் எங்கெங்கோ இருந்து வந்து கம்பம் நட்டார்கள், அதுதான் கடவுள் என்று சிலர் பதில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் தோப்பு போனவர் கேட்டது அதை அல்ல. "ஏன் அடித்தார்" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை, விடை வைத்திருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதும் இல்லை. முன்வினை என்று பட்டியல் போடாதீர்கள். எல்லாம் நன்மைக்கே என்றும் சொல்லாதீர்கள், குறைந்தபட்சம் விழுந்த மரங்களை அறுத்து அகற்றும் வரைக்கும்.

அந்தத் தோப்புக்காரருக்கு நான் சொல்லக்கூடியது: கேள்வியைச் சாமியிடமே கேளுங்கள், எங்களைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள். சுந்தரர் கேட்ட தொனியில் கேளுங்கள்.

சுனாமியில் பிள்ளையை இழந்த ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். டிசம்பர் 26 வந்தால் என்ன சொல்லி ஆறுதல் தருவது?

எதுவும் சொல்ல வேண்டாம். போய் உட்காருங்கள். காப்பி போட்டுக் கொடுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேச அவர் விரும்பினால் கேட்டுக்கொண்டிருங்கள்.

குழுக் கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கிறார். மனம் பதறுகிறது. சாமி படத்துக்கு முன் உட்கார்ந்தாலும் தொகைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியென்றால் தொகையைச் சொல்லியே வேண்டுங்கள். ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதி விளக்கடியில் வையுங்கள். மனதுக்குள் உருட்டும்போது பூதமாகத் தெரிகிற கடன், எழுதினால் கணக்காகிவிடும். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். புருசனுக்குத் தெரியாமல் வாங்கிய கடன்தான் பெண்களை அதிகம் வாட்டுகிறது என்பது நான் கண்டது. ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டியில் இன்னொன்று வாங்காதீர்கள். நகை இருந்தால் கூட்டுறவு வங்கி நகைக்கடன் பெரும்பாலும் வட்டி குறைவு.

வசூலுக்கு வருகிறவர் மிரட்டினால், கெட்ட வார்த்தை பேசினால், பொறுத்துக்கொள்வதைப் பக்தி என்று நினைக்காதீர்கள். ரிசர்வ் வங்கி விதிகள் அதை அனுமதிப்பதில்லை. எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

இரவில் தூக்கம் வரவில்லை. சாகலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்துபோகிறது. ஜெபம், மந்திரம் எதுவும் ஒட்டவில்லை.

இதற்கு நான் தேவாரக் கதை சொல்லப்போவதில்லை. இப்போதே 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மனநல உதவிக்கான அரசின் இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-க்கும் பேசலாம். இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிடுங்கள். வயல் மருந்து வீட்டுக்குள் இருந்தால் வேறு ஒருவரிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். வைத்தீசுவரன்கோயிலில் சாமிக்கே வைத்தியர் என்று பெயர். மாத்திரை சாப்பிடுவதை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிரார்த்தனை உங்களுக்கு ஒட்டாத நாட்களில் உங்களுக்காக நாங்கள் செய்துகொள்கிறோம்.

நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது. அதனால்தான் வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று வருகிறதா?

மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்துவைத்துவிட்டு, பிள்ளை பிழைத்ததும் மறந்துபோன வீடுகள் எத்தனையோ. முடிந்தபோது செலுத்துங்கள். கடன்காரர்களைப் போலச் சாமி தவணை தவறியதற்கு அபராதம் போடுவார் என்று நினைத்தால், தவணைக்காரர் முகத்தைச் சாமிக்கு மாட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். குலதெய்வத்துக்குப் பல வருடம் போகவில்லை என்று பயப்படுகிறவர்களுக்கும் இதே பதில்.

அம்மா படுத்த படுக்கை. கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று அழுகிறார்.

திருப்புன்கூர்க் கதையைச் சொல்லுங்கள். ஆதனூரிலிருந்து வந்த நந்தனார் உள்ளே போக முடியாமல் வெளியே நின்றார். சாமியை மறைத்த நந்தி விலகிக்கொண்டது. இன்றும் அங்கே நந்தி சற்று ஒதுங்கித்தான் இருக்கிறது. அவரை வெளியே நிறுத்தியது சாதி. கல் நந்தி விலகிய அளவுக்கு மனிதர்கள் விலகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் அம்மாவை நிறுத்தியிருப்பது இடுப்பு எலும்பு. கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பூசை மாடம் தெரியுமா பாருங்கள்.

நான் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவள். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

ஏன் பொருந்தாது? நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறினால் நடந்துபோகிறவர்களுக்கு மோர் ஊற்றுகிறவர்களில் பாதிப்பேர் நெற்றியில் விபூதி இருக்கும். எனக்குத் தெரிந்த கதைகள் தேவாரக் கதைகள், அதனால் அவற்றைச் சொன்னேன். உங்களிடம் உங்கள் கதைகள் இருக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் சொல்லுங்கள், சுண்டல் எல்லோருக்கும் உண்டு.

மகன் திருப்பூரில் வேலை. சாமியே இல்லை என்கிறான். எப்படித் திருத்துவது?

மாதாமாதம் பணம் அனுப்புகிறானா? போன் செய்தால் எடுக்கிறானா? அப்புறம் என்ன திருத்த வேண்டியிருக்கிறது? விடுங்கள்.

நீங்கள் சொன்ன ஊர்களுக்குப் போக வேண்டும். வழி?

திருவீழிமிழலைக்கு, மயிலாடுதுறை – திருவாரூர் வழியிலுள்ள பூந்தோட்டத்தில் இறங்கி மேற்கே போக வேண்டும். திருக்குவளை திருவாரூருக்குத் தென்கிழக்கே. எட்டுக்குடி போகிறவர்கள் சேர்த்துப் பார்த்துவிடலாம். திருப்புன்கூர் வைத்தீசுவரன்கோயிலுக்கு மேற்கே, ஆட்டோவில் போய்விடலாம். வேதாரண்யத்துக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் உண்டு. கிராமக் கோயில்களில் நண்பகல் வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், காலையிலேயே கிளம்புங்கள். குருக்கள் பக்கத்து ஊர்க் கோயிலையும் சேர்த்துப் பார்ப்பவராக இருந்தால் வர நேரமாகும். அதுவரை பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கலாம்.